செவ்வாய்க்கிழமை நாதஸ்வரத்தை முசரவாக்கத்துக்கு அனுப்பியவள்

முசரவாக்கத்தில் அப்படி ஒரு கடை இல்லை. நான் சொன்ன அன்று இல்லவே இல்லை. அது எனக்குத் தெரியும். தெரிந்தேதான் உங்களை அங்கே அனுப்பினேன்.

ஆமாம், உங்களைத்தான்! சென்னையிலிருந்தோ வேலூரிலிருந்தோ ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பி வந்தீர்களே... கையில் கைபேசி, அதில் என் குரல். ‘காஞ்சிபுரத்துக்கு வந்தால் இந்த நாதஸ்வரத்தைக் கேட்காமல் திரும்பாதீர்கள்’ என்று நான் கொஞ்சிக் கொஞ்சிச் சொல்லியிருந்தேன். அதை நம்பி நீங்கள் வயல் வரப்பு ஓரமாகக் காரை நிறுத்திவிட்டு, ஆடு மேய்ப்பவர்களிடம் எல்லாம் வழி கேட்டீர்கள். அந்த நேரத்தில் நான் எங்கே இருந்தேன் தெரியுமா? அதே நாதஸ்வரத்துக்கு எதிரே உட்கார்ந்து, இஞ்சி டீ குடித்துக்கொண்டிருந்தேன். வேறொரு தெருவில்!

சொல்லிவிட்டேன். இனி நிதானமாகச் சொல்கிறேன்.

நான் ஒரு பட்டுச்சேலைக் கடையில் விற்பனைப் பிரிவில் இருக்கிறேன். முகூர்த்தப் பட்டு எடுக்க வருகிறவர்கள் காலையில் உட்கார்ந்தால் மாலையில்தான் எழுந்திருப்பார்கள். சேலை மடிப்பதற்குள் ஒரு கேள்வி வரும். “இங்க நல்லா எங்கம்மா சாப்பிடலாம்?” எல்லோரும் கேட்பார்கள். கல்யாணப் பெண் கேட்காவிட்டாலும் மாப்பிள்ளையின் சித்தப்பா கேட்பார்.

நானும் சொல்லிக்கொண்டே இருந்தேன். மிளகும் சுக்கும் மணக்க, மந்தாரை இலையில் வேகவைத்த கோயில் இட்லி எந்தக் கடையில் இன்னும் மூங்கில் குடலையில் அவிகிறது. பேருந்து நிலையத்துக்குப் பக்கத்தில் எந்த இடத்தில் காபியை நுரை சரியாமல் ஆற்றிக் கொடுப்பார்கள். வெயில் நேரத்தில் எந்தப் பெட்டிக்கடைப் பன்னீர் சோடா தொண்டையில் இறங்கும்போதே கோபம் தணியும். சுவாமி புறப்பாட்டின்போது எந்த மூலையில் நின்றால் மேளச் சத்தம் மதிலில் பட்டு இரண்டாக வந்து சேரும்... இதெல்லாம் எனக்கு அத்துப்படி.

ஒருநாள் ஒரு வாடிக்கையாளர், “நீங்க சொல்றத அப்படியே ரெக்கார்ட் பண்ணிப் போடலாமே மேடம்” என்றார். போட்டேன். வீடியோவில் என் முகம் காட்டுவதில்லை, குரல் மட்டும். எங்கே சாப்பிடலாம், என்ன குடிக்கலாம், எங்கே பாட்டு கேட்கலாம். இவ்வளவுதான் என் பக்கம். அதில் நான் சொன்ன மற்ற எல்லாமே சத்தியம். நம்புங்கள்! அந்த ஒன்றைத் தவிர...

அந்த ஒன்றை நான் கண்டுபிடித்ததே தற்செயல்தான்.

எனக்கு வார விடுப்பு செவ்வாய்க்கிழமை. விடுப்பு என்ற சொல்லுக்கு என் வீட்டில் பொருள் வேறு. கூட்டுக் குடும்பம். என் பெயரைக் கூப்பிடாத வாயே அங்கே கிடையாது. அடுப்படியிலிருந்து ஒரு குரல், மாடியிலிருந்து ஒரு குரல், குளியலறைக்குள்ளிருந்து துண்டு கேட்டு ஒரு குரல். எல்லோரும் நல்லவர்கள்தான். ஆனாலும் அன்றைக்கு ஸ்கூட்டர் பஞ்சர் ஆனபோது நான் அடைந்த மகிழ்ச்சியை எப்படிச் சொல்வது! தள்ளிக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

பஞ்சர் கடைக்கு அடுத்தது கரீம் பாயின் டீக்கடை. ஒல்லியான மனிதர், வெள்ளைத் தாடி, எப்போதும் தோளில் ஒரு துண்டு. கடைக்குப் பின்னால் பச்சைச் சுண்ணாம்பு அடித்த சுவர். அந்தச் சுவரை ஒட்டி ஒரு காலியிடம். டீயை வாங்கி ஒரு வாய் குடித்திருப்பேன்... சுவருக்குப் பின்னாலிருந்து கல்யாணி ராகம் எழுந்து வந்தது.

எழுந்து வந்தது என்றுதான் சொல்ல வேண்டும். ஊதுகிறார்கள் என்று தோன்றவே இல்லை.

“யார் பாய் அது?”

“நம்ம மாணிக்கம்தாம்மா. பிள்ளையார்பாளையத்துக்காரரு. செவ்வாக்கெழம யாரு கல்யாணம் வைக்கிறா? அதான் அவரும் தவுல்கார சேகரும் இங்க வந்து ஊதிக்கினு, தட்டிக்கினு இருப்பாங்க. வூட்ல வாசிச்சா பக்கத்து வூட்டுக் கொழந்த அழுவுதாம். போயி உக்காந்து கேளும்மா, ஒண்ணும் சொல்ல மாட்டாங்க.”

போய் உட்கார்ந்தேன். அவ்வளவுதான், மாட்டிக்கொண்டேன்.

கல்யாண மண்டபத்தில் நாம் கேட்கிற நாதஸ்வரம் வேறு, இது வேறு. யாருக்காகவும் இல்லாமல், நேரம் பார்க்காமல், தனக்குப் பிடித்ததைத் தானே தேடிக்கொண்டு போகிற வாசிப்பு. கல்யாணியில் தொடங்கி, நடுவில் பழைய சினிமாப் பாட்டு ஒன்றுக்குள் நழுவி, அதிலிருந்து எப்படியோ திரும்பி வருவார். சேகர் சிரித்துக்கொண்டே தவிலில் அவரைத் துரத்துவார். தப்பு வந்தால் இருவரும் உரக்கச் சிரிப்பார்கள். அந்தச் சிரிப்பும் கச்சேரியில் சேர்த்திதான்.

பாயின் மனைவி நூர்ஜஹான் செவ்வாய்தோறும் மக்கன் பேடா செய்வார். பாகில் ஊறி, உள்ளே முந்திரியும் திராட்சையும் ஒளிந்திருக்கும் இனிப்பு. ஒரு பேடா, ஒரு இஞ்சி டீ, எதிரே நாதஸ்வரம். யாரும் என் பெயரைக் கூப்பிடவில்லை! அங்கே யாருக்கும் என் பெயரே தெரியாது. ‘அம்மா’ என்பார் பாய். ‘மேடம்’ என்பார் மாணிக்கம். அதோடு சரி.

வாரா வாரம் போனேன். வீட்டில் என்ன சொன்னேன் என்பதை இங்கே எழுதவில்லை. ஒரு வாக்குமூலத்துக்கு ஒரு குற்றம் போதும்.

இப்படி மாதங்கள் போயின. ஒரு செவ்வாய்க்கிழமை பாய் என் எதிரே வந்து நின்றார். துண்டை எடுத்து உதறி மறுபடி போட்டுக்கொண்டார். ஏதோ கேட்கப் போகிறார் என்று புரிந்தது.

“அம்மா, தப்பா நெனக்காதீங்க. அந்த வீடியோல வர்ற கொரலு உங்களுதாமே? ஆம்பூர்லருந்து என் பொண்ணு போன்ல சொல்லிக்கினே இருக்குது. ‘அத்தா, காஞ்சிபுரத்துல எல்லா கடையும் வருது, உன் கடைய மட்டும் காணோமே’ன்னு.”

கடித்த பேடாவைத் தட்டில் வைத்தேன்.

“நம்ம கடையவும் ஒரு தபா போட்டீங்கன்னா... நாலு பேரு வருவாங்க. மாணிக்கத்துக்கும் நல்லதுதானே? இவ்ளோ நல்லா ஊதுறாரு, கேக்க ஆளே இல்ல பாருங்க. நீங்க ஒருத்தருதான்.”

நீங்க ஒருத்தருதான்! அவர் குறையாகச் சொன்னது என் காதில் எவ்வளவு இனிப்பாக விழுந்தது தெரியுமா? அப்போதே எனக்கு என்னைப் பற்றித் தெரிந்திருக்க வேண்டும்.

“அதுக்கென்ன பாய், போட்டுடலாம்” என்றேன்.

அடுத்த வாரம் படம் பிடித்தேன். மாணிக்கம் தலையைப் படிய வாரி, பட்டு ஜிப்பா போட்டு வந்திருந்தார். நாதஸ்வரத்தின் சீவாளியை உதட்டில் நனைத்துக்கொண்டவர், “ரெடியா மேடம்?” என்று மூன்று நான்கு முறை கேட்டுவிட்டுத்தான் ஊதத் தொடங்கினார். சேகர் விரல்களில் தவில் கூடுகளை மாட்டியபடி கேமராவைப் பார்த்து முறைத்தார், கம்பீரமாக இருக்கிறாராம். நூர்ஜஹான் முகத்தைக் காட்டாமல் கையை மட்டும் நீட்டிப் பேடாத் தட்டை மாணிக்கம் பக்கத்தில் வைத்தார். பச்சைச் சுவரில் மாலை வெயில். நான் எடுத்ததிலேயே அழகான வீடியோ அதுதான். இன்றைக்கும் அதுதான்.

வீட்டுக்கு வந்து குரல் சேர்த்தேன். எல்லாம் முடிந்தது. கடைசியில் இடத்தைப் போட வேண்டும்.

அங்கே என் விரல் நின்றது.

நீங்கள் எல்லோரும் வருவீர்களே... வந்தால் என்ன ஆகும்? நாற்காலி இருக்காது. மாணிக்கத்தின் முகத்துக்கு நேரே கைபேசியை நீட்டுவீர்கள். ‘அந்தப் புதுப் படத்துப் பாட்டு வாசிங்க சார்’ என்பீர்கள். அவர் சிரிப்பை மறந்துவிடுவார். பிறகு அது கச்சேரி; பிறகு அது எல்லோருக்கும் சொந்தம். இசையைக் காப்பாற்றுகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். பொய்! நான் காப்பாற்ற நினைத்தது என் செவ்வாய்க்கிழமையை.

முசரவாக்கம் என்று அடித்தேன்.

ஏன் முசரவாக்கம்? காஞ்சிபுரத்துக்கு வெளியே இருக்கிற அந்தக் கிராமத்திலிருந்து முந்தின நாள் சேலை எடுக்க ஒரு குடும்பம் வந்திருந்தது. வேறு காரணமே கிடையாது. ஊர்ப் பெயரைச் சூதாட்டம் போல எடுத்துப் போட்டேன். கடைப் பலகை தெரிந்த துண்டை வெட்டி எடுத்தேன். பாய்க்கு மட்டும் தனியாக இன்னொரு பிரதி அனுப்பினேன். அதில் அவர் கடைப் பெயர், தெருப் பெயர் எல்லாம் சரியாக இருந்தது. அவர் அதை ஆம்பூருக்கு அனுப்பினார்; ஆம்பூரிலிருந்து முத்தங்கள் வந்தன.

இரண்டு பிரதி... இது கைதவறிச் செய்த காரியம் இல்லை என்று உங்களுக்குப் புரிகிறது அல்லவா?

வீடியோ பறந்தது. பேயாகப் பறந்தது! பக்கத்து ஏனாத்தூர்க் கல்லூரிகளில் படிக்கிற பிள்ளைகள் முதலில் கிளம்பினார்கள். ‘முசரவாக்கத்தில் எங்கே?’ என்று கேட்டு எழுதினார்கள். நான் பதில் போடவில்லை. ஒருவர், ‘பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் ஒரு அக்கா டீக்கடை இருக்கிறதே, அதுவா?’ என்று கேட்டிருந்தார். எழுதாமல் இருந்திருக்கலாம். ‘அதேதான்!’ என்று எழுதினேன். பக்கத்தில் ஒரு புன்னகைப் பொம்மையும் போட்டேன்.

இங்கே பாய் சாமியானாக் கடையிலிருந்து நாற்காலிகளை இரவல் வாங்கி வந்து வரிசையாகப் போட்டு வைத்தார். பால் கூடுதலாக வாங்கினார். நூர்ஜஹான் ஒரு பெரிய தட்டு நிறையப் பேடா செய்தார். செவ்வாய் வந்தது. யாரும் வரவில்லை. அடுத்த செவ்வாய் வந்தது. நான் மட்டும் வந்தேன். மிஞ்சிய பேடாக்களைப் பாய் தெருப் பிள்ளைகளுக்குக் கொடுத்தார். அந்தத் தெருப் பிள்ளைகளுக்கு அது பொற்காலம்!

“வருவாங்கம்மா. ஊருல எல்லாருக்கும் வேல இருக்குதில்ல?” என்று பாய் எனக்கு ஆறுதல் சொன்னார். எனக்கு! வீடியோ எடுத்தும் பயன் இல்லையே என்று நான் வருந்துவேனாம்.

நான் தலையாட்டிக்கொண்டு நாதஸ்வரம் கேட்டேன். வெட்கமாக இருந்ததா? இருந்தது. இசை இனித்ததா? இனித்தது! இரண்டும் ஒரே காதுக்குள் நடந்தன. அதை இப்போது நினைத்தால்தான் பயமாக இருக்கிறது.

பிறகு முகூர்த்தக் கூட்டத்தால் இரண்டு செவ்வாய்க்கிழமை எனக்கு விடுப்பே கிடைக்கவில்லை. அதை அடுத்து ஒருநாள் எங்கள் கடைக்கு ஒரு தம்பதி வந்தார்கள். அந்த அம்மாள் என் குரலைக் கேட்டதும் கையைப் பிடித்துக்கொண்டார்.

“நீங்கதானா அது! உங்க வீடியோ பாத்துட்டு முசரவாக்கம் போனோம். ஐயோ, என்ன வாசிப்பு! என் வீட்டுக்காரர் அழுதே விட்டார்.”

அந்த வீட்டுக்காரர் கூச்சத்தோடு ஆமாம் என்றார்.

விரித்த சேலை என் கையிலிருந்து நழுவியது. முசரவாக்கத்தில் வாசிப்பா? எப்படி இருக்க முடியும்? அங்கே எதுவுமே இல்லையே... அது நான் கட்டிய கதை ஆயிற்றே!

அடுத்த செவ்வாய்க்கிழமை பாய் கடைக்கு ஓடினேன். நாற்காலிகள் வரிசையாக இருந்தன. மாணிக்கம் இல்லை. சேகர் இல்லை. சுவருக்குப் பின்னால் ஒரு கோழி மட்டும் கிளறிக்கொண்டிருந்தது.

“முசரவாக்கத்துல ஒரு அம்மா வந்து கூப்ட்டுக்கினு போயிட்டாங்கம்மா” என்றார் பாய். “அங்க செவ்வாக்கெழம கூட்டம் கூட்டமா ஜனங்க வர்றாங்களாம், நாதஸ்வரம் கேக்க. ஏன் வர்றாங்கன்னு அல்லாவுக்குத்தான் தெரியும். எப்டியோ, மாணிக்கத்துக்கு நல்ல காலம் பொறந்துடுச்சு.” சிரித்தார். பிறகு டீயை ஆற்றியபடியே, “நம்ம கடைக்குத்தான் அந்த அதிர்ஷ்டம் இல்ல. நீங்க அவ்ளோ அழகா எடுத்தீங்க” என்றார்.

அன்று டீயை முழுதாகக் குடிக்க முடியவில்லை. ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு முசரவாக்கத்துக்குப் போனேன். என் பொய்யை நேரில் பார்க்க!

பார்த்தேன். பம்ப்செட்டுக்குப் பக்கத்தில் கார்கள், பைக்குகள், ஒரு கல்லூரிப் பேருந்து. புளியமரத்தடியில் பாய்கள் விரித்து ஜனங்கள் உட்கார்ந்திருந்தார்கள். பெரிய இரும்புச் சட்டியில் போண்டா மிதந்துகொண்டிருந்தது. சட்டிக்குப் பின்னால் வாட்டசாட்டமான ஒரு பெண், அவள்தான் சரோஜா. பம்ப்செட் டீக்கடைக்காரி.

என்னிடம் “இன்னா வேணும்?” என்றாள். வாயைத் திறக்கப் போனேன்... திறந்தால் என் குரல்! இங்கே உட்கார்ந்திருக்கிற ஒவ்வொருவர் கைபேசியிலும் இருக்கிற குரல்! விரலால் சைகை செய்து ஒரு டீ கேட்டேன்.

“அய்ய, பாவம், பேச வராதாம்மா?” என்று சொல்லி, தட்டில் போண்டாவை அள்ளி வைத்து என் கையில் திணித்தாள். வேண்டாம் என்று சைகை செய்தால் இன்னும் வைத்தாள். ஊமை வேடத்துக்குக் கிடைத்த போண்டா... அருமையாக இருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

பக்கத்தில் நின்ற மாணவிகளிடம் சரோஜா தன் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“மொதல்ல ஒரு கார்ல வந்து ‘நாதஸ்வரம் எங்கம்மா’ன்னாங்க. இங்க ஏதுபா நாதஸ்வரம், ஆட்டுக்குட்டிதான் கத்தும்னு சொல்லி டீ குடுத்து அனுப்புனேன். அடுத்த வாரம் பாத்தா இன்னும் கும்பலா வருது! கோவிச்சிக்கினு போறாங்க. எனக்கே பாவமாப் பூடுச்சு. அப்புறம் ஒரு பொண்ணு போன்ல அந்த வீடியோவக் காட்டுச்சு. யார்யா இதுன்னு எங்க அம்மன் கோயிலு மேளக்காரர்கிட்ட கேட்டேன். ‘இது பிள்ளையார்பாளையம் மாணிக்கமாச்சே’ன்னாரு. ஷேர் ஆட்டோ புடிச்சி நேரா அவரு வூட்டுக்குப் போயி நின்னுட்டேன்!”

“வீடியோ போட்டவங்க தப்பா போட்டுட்டாங்களா அக்கா?”

“தப்போ சரியோ, எனக்குச் சாமி மாதிரி. யாரு பெத்த பொண்ணோ, நல்லா இருக்கணும்!” என்று சொல்லி வானத்தைப் பார்த்துக் கும்பிட்டாள்.

சாமி அவள் எதிரிலேயே போண்டா தின்றுகொண்டிருந்தது.

அப்போது மாணிக்கம் வாசிக்கத் தொடங்கினார். நான் எதைக் கண்டு பயந்தேனோ அது அங்கே நடக்கவில்லை. கைபேசிகள் நீண்டன, உண்மைதான். கொஞ்ச நேரத்தில் அவையும் தாழ்ந்துவிட்டன. அவர் மோகனத்தை எடுத்துக்கொண்டு போன போக்கு இருக்கிறதே... பாய் கடையில் நான் இத்தனை நாள் கேட்டது முன்னுரை மட்டும்தான். ஜனங்கள் ஆகா என்றபோது அந்த மனிதர் நிமிர்ந்து உட்கார்ந்தார். சேகர் தவிலோடு கிட்டத்தட்ட எழுந்தே விட்டார். தப்பு வந்தபோது வழக்கம்போலச் சிரித்தார்கள். கூட்டமும் சேர்ந்து சிரித்தது.

நான் பூட்டி வைத்திருந்தது இதைத்தானா?

இடைவேளையில் மாணிக்கம் என்னைக் கண்டுபிடித்துவிட்டார். புளியமரத்துக்குப் பின்னால் என்னைத் தனியாக அழைத்துப் போனார்.

“மேடம், ஒண்ணு கேக்கணும். பாய்க்கு அனுப்புனதுல எடம் கரெக்ட்டா இருக்குது. உங்க பேஜ்ல மட்டும் இந்த ஊரு இருக்குது. டைப் பண்றப்ப மிஸ்டேக் ஆயிடுச்சா?”

அவர் கண்களில் சந்தேகம் துளியும் இல்லை. சொல்லியிருக்கலாம். அங்கே யாரும் இல்லை. இலை மட்டும் உதிர்ந்துகொண்டிருந்தது.

“ஆமாண்ணே. மிஸ்டேக்” என்றேன்.

“நல்ல மிஸ்டேக் மேடம்!” என்று சிரித்தார். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டார். “எல்லாரையும் பாய் கடைக்கே வரச் சொல்லலாம்னு நெனச்சேன். சரோஜாம்மா ஒத்துக்கல, ஜனங்களுக்கும் இதுதான் ரோட்டுக்குக் கிட்ட. நானும்... மேடம், கல்யாணத்துல நான் ஊதுறப்ப எல்லாரும் பந்தியத்தான் பாத்துக்கினு இருப்பாங்க. என் எதிர்ல இத்தினி பேரு உக்காந்து கேட்டதே இல்ல. என்னால விட முடியல. பாய்கிட்ட இந்த மிஸ்டேக் விஷயத்த நான் சொல்லல. நீங்களும் சொல்லாதீங்க. அவரு மனசு தாங்காது.”

என் பொய்க்கு அவர் காவல் நிற்கிறார்! அது பொய் என்றே தெரியாமல்...

வீட்டுக்கு வந்து இடத்தைத் திருத்த உட்கார்ந்தேன். பாய் கடை முகவரியை அடித்தேன். அழித்தேன். இப்போது அங்கே நாதஸ்வரம் இல்லையே! திருத்தினால் அதுதான் பொய். முசரவாக்கம் என்பது உண்மையாகிவிட்டது. திருத்த முடியாத ஒன்றை நான் என்ன செய்வது? யாராவது சொல்லுங்கள்!

சும்மா இருக்க முடியாமல் நூர்ஜஹானின் பேடாவை மட்டும் தனியாக ஒரு வீடியோ எடுத்து, சரியான தெருப் பெயரோடு போட்டேன். பேடாவுக்கு ஆட்கள் வரத் தொடங்கினார்கள். பாய்க்கு ஒரே சந்தோஷம். “பாத்தீங்களா, வருவாங்கன்னு சொன்னேன்ல?” என்றார். ஆனால் செவ்வாய்க்கிழமைகளில் அவர் அடிக்கடி அந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிப் பார்ப்பதை நான் பார்த்தேன்.

ஒருநாள் அவரே கேட்டார். “மாணிக்கம் ஊதிக் கேட்டு ரொம்ப நாளாச்சும்மா. எனக்கு அந்த ஊரு பழக்கமில்ல. ஒரு செவ்வா எங்கள இட்டுக்கினு போறீங்களா? உங்களுக்கு வழி தெரியும்தானே?”

தெரியும் பாய். என்னைவிட நன்றாக யாருக்குத் தெரியும்!

கடையைப் பூட்டிவிட்டு மூவரும் ஆட்டோவில் போனோம். மாணிக்கத்துக்காக நூர்ஜஹான் ஒரு டப்பா நிறையப் பேடா எடுத்து வந்தார். வழியெல்லாம் ஆம்பூர் மகளைப் பற்றிப் பேசினார். நான் ஊம் கொட்டிக்கொண்டே, இன்று சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். இறங்கியதும் சொல்லிவிடுவது. கச்சேரிக்கு முன்னாலேயே சொல்லிவிடுவது.

இறங்கினோம். சரோஜா வாசலில் புதிதாக ஒரு பெரிய பேனர் கட்டியிருந்தாள். என் வீடியோவிலிருந்து எடுத்த படம். ஆள் உயரத்துக்கு மாணிக்கம். அவருக்குப் பின்னால் பச்சைச் சுவர், சுவரில் காரை பெயர்ந்த இடம், ஓரத்தில் பேடாத் தட்டோடு வளையல் போட்ட ஒரு கை.

நூர்ஜஹான் நின்றுவிட்டார். தன் கையைத் தூக்கிப் பார்த்தார். பேனரைப் பார்த்தார்.

“ஏங்க... இது என் கையி. அது நம்ம செவுரு.”

பாய் பேனருக்குக் கிட்டே போனார்.

“நம்ம செவுரு இங்க எப்டி வந்துச்சு?” என்று சொல்லி நூர்ஜஹான் என்னைப் பார்த்தார்.

என் வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. இந்த முறை நான் ஊமையாக நடிக்கவில்லை.

பாய் பேனரின் கீழே சின்ன எழுத்தில் இருந்த என் பக்கத்தின் பெயரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். தோளிலிருந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். பிறகு, “வா நூரு, டீ சாப்டலாம். அந்தம்மா எப்டிப் போடுறாங்கன்னு பாப்போம்” என்று முன்னால் நடந்தார்.

சரோஜாவின் டீயை ஒரு வாய் உறிஞ்சி, நாக்கில் வைத்து யோசித்தார். “இஞ்சி கம்மி” என்றார். முழுதாகக் குடித்தார்.

மாணிக்கம் பாயைப் பார்த்ததும் நாதஸ்வரத்தைச் சேகர் கையில் கொடுத்துவிட்டுக் கூட்டத்தைத் தாண்டி ஓடி வந்தார். இருவரும் கட்டிக்கொண்டார்கள். யாரென்று தெரியாமலே ஜனங்கள் கைதட்டினார்கள். அன்று அவர் வாசித்ததைப் பற்றி நான் எழுதப் போவதில்லை. நீங்களே போய்க் கேளுங்கள். பாய் தொடையில் தாளம் போட்டபடி இருந்தார். சரோஜா ஒரு பேடாவை வாயில் போட்டுவிட்டு, நூர்ஜஹானின் கையை விடவே இல்லை. “யக்கா, செவ்வாக்கெழம செவ்வாக்கெழம இத எனக்குச் செஞ்சி குடுத்துடு” என்றாள். நூர்ஜஹான் வெட்கத்தோடு சரி என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். நன்றாகவே சிரித்தேன் என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

ஆட்டோவில் திரும்பினோம். கடை வாசலில் இறங்கியதும் பாய், “வர்ற செவ்வாயும் போலாமாம்மா?” என்று மட்டும் கேட்டார். தலையாட்டினேன்.

அன்றிலிருந்து ஒவ்வொரு செவ்வாயும் போகிறோம். அன்றைக்குக் காஞ்சிபுரத்தில் அவர் கடை பூட்டியிருக்கும். பேடா டப்பாவை மடியில் வைத்துக்கொண்டு நூர்ஜஹான் பேசிக்கொண்டே வருவார். சில நாள் பேச்சை நடுவில் நிறுத்திவிட்டு என் முகத்தைப் பார்ப்பார்; பிறகு வேறு எதையாவது தொடங்குவார். பாய் அந்தச் சுவரைப் பற்றிக் கேட்கவே இல்லை. ஒருமுறைகூட.

அவருக்குத் தெரியுமா? என் பக்கத்தைப் பார்க்கிற ஆம்பூர் மகள் சொல்லியிருப்பாளா? தெரிந்துதான் கேட்காமல் இருக்கிறாரா? நான் வெட்கப்படக் கூடாது என்றா... இல்லை, நானே சொல்லட்டும் என்று காத்திருக்கிறாரா?

உங்களிடம் சொல்வது எனக்கு எளிதாக இருந்தது. உங்கள் முகம் எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதர் நாளைக்கே டீயை ஆற்றியபடி, “ஏம்மா அப்டிப் பண்ணீங்க?” என்று கேட்டுவிட்டால்... இவ்வளவையும் உங்களுக்கு எழுதிய பிறகும், என் வாய் என்ன சொல்லும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

“மிஸ்டேக் பாய்” என்றுதான் சொல்லும்.